ஆபீசருக்கு விழுந்த ஓட்டு

இன்றைக்கு முனியசாமி கீரனூர் மார்க்கெட் வாசலில் தன் குட்டியானை வண்டியை நிறுத்தி இறங்கினால் யாரும் தலையைத் திருப்புவதில்லை. தக்காளிக் கூடை இறக்குகிறவர்களுக்கு அவர் ஒரு லோடு வண்டிக்காரர், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் இப்படியா இருந்தது? டீக்கடையில் அவர் தலை தெரிந்ததுமே, "எந்திரிங்கப்பா, ஆபீசர் வந்துட்டாரு, இனி நாளைக்குத்தான் டீ" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஒருமுறை குளத்தூர் போகிற டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மா குடையால் அவர் முதுகில் ஒரு போடு போட்டது. "அந்தச் சேரன் புள்ளைய ஏன்யா நாற்காலியால அடிச்ச? அவன் ஒனக்கு என்ன பண்ணான்?" என்று கேட்டது. பஸ்ஸே சிரித்தது. முனியசாமி மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "மனு எழுதிக் குடுத்தியா?" என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் குடையடியை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

புதுக்கோட்டையில் ரகுநாத் மாஸ்டர் நடத்துகிற ரெஸ்லிங் ஷோவில் அப்போது முனியசாமிதான் வில்லன். மாஸ்டருக்குச் சொந்தமாக ஒரு ஜிம் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் ரிங் கட்டி, லைட் போட்டு, யூடியூபில் லைவும் விட்டு ஷோ நடக்கும். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிற ஆட்டம்தான். இதை ரகசியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், முதல் வரிசையில் உட்கார்ந்து காட்டுக்கத்தல் கத்துகிற பயல்களுக்கே தெரியும். ஆனால் விழுவது நிஜம். இடுப்பு வலி அதைவிட நிஜம்.

குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமத்து மனிதருக்கு இந்த வேலை எப்படி வந்தது என்றால், ஷார்ஜாவிலிருந்து வந்தது. அங்கே அவர் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பஞ்சாபிகள் சிலர் தொழிலாளிகளுக்காக ரெஸ்லிங் ஷோ நடத்துவார்கள். ரிங் கட்ட இரும்புக் குழாய் தெரிந்த ஆள் வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் அடி வாங்க வேண்டியவன் வராமல் போகவே, ரிங் கட்டிய ஆளையே உள்ளே தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு வாங்கிய அடியில் முனியசாமிக்கு ஏதோ பிடித்துப்போய்விட்டது. ஊர் திரும்பி வண்டி வாங்கி ஓட்டினாலும் மனசு அதிலேயே கிடந்தது. மாஸ்டர் ஷோ ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றுவிட்டார்.

மாஸ்டர் முதலில் அவருக்குக் கறுப்பு முகமூடி மாட்டி, பேய் என்று பெயர் வைத்தார். சின்னப் பிள்ளைகள்கூடப் பயப்படவில்லை. அப்புறம்தான் முனியசாமிக்கே அந்த யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு பேனா, கையில் சாப்பாட்டுக் கேரியர் சகிதம் ரிங்குக்குள் ஏறினார். ஒரு மேஜையும் நாற்காலியும் போடச் சொன்னார். எதிராளி சேரன் சண்டைக்குக் கூப்பிடக் கூப்பிட, கேரியரைத் திறந்து சாவகாசமாகச் சாப்பிட்டார். கை கழுவினார். மைக்கை வாங்கி, "லஞ்ச் டைம். நாளைக்கு வாங்க" என்றார். மண்டபம் கொதித்துப்போய்விட்டது. அது எந்த ஊர் ஆபீஸ், எந்தத் துறை என்று யாருமே கேட்கவில்லை. ஆளாளுக்கு மனசில் ஒரு ஆபீஸ் இருந்தது. பேயைப் பார்த்துக் கொட்டாவி விட்ட ஜனம், பேனா வைத்த ஆளைப் பார்த்துச் செருப்பைத் தூக்கியது.

அன்றையிலிருந்து அவர் ஆபீசர். வேஷத்தை ரிங்கோடு விட்டுவிடுகிற ஆளும் இல்லை அவர். வில்லன் வெளியே சிரித்துவிட்டால் அடுத்த ஷோவில் எவன் திட்டுவான் என்பது அவர் கட்சி. செல்ஃபி கேட்டு வருகிற பையன்களை, "போட்டோ ரெண்டு காப்பி, அட்டெஸ்ட் பண்ணி எடுத்துட்டு வா" என்று விரட்டுவார். அவர் மனைவி செவந்திக்குத்தான் தர்மசங்கடம். ரேஷன் கடை வரிசையில் நின்றால், "ஒங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிச் சீக்கிரம் போடச் சொல்லுக்கா" என்று கிண்டல் செய்வார்கள். "இந்த வயசுல இடுப்ப ஒடிச்சுக்கிட்டு இதெல்லாம் தேவைதானா?" என்று செவந்தி தைலம் தேய்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஒரு ஷோவுக்குக்கூட அவள் வந்ததில்லை. அவளுக்கு இது பிடிக்காது என்று முனியசாமி தீர்மானமாக நினைத்திருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றவில்லை.

ஷோவில் ஓட்டெடுப்பைக் கொண்டுவந்தது ரஞ்சிதா. மாஸ்டரின் அக்கா மகள், காலேஜில் கம்ப்யூட்டர் படித்த பெண். யூடியூப் சேனலையும் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். "சும்மா பாத்துட்டுப் போறவங்கள நம்ம ஆளாக்கணும் மாமா. என்ன நடக்கணும்னு அவங்ககிட்டயே கேப்போம்" என்று மாஸ்டரிடம் சொன்னாள். முதல் ஓட்டெடுப்பு, ஆபீசரின் கேரியரில் என்ன இருக்க வேண்டும் என்பது. ஜனங்கள் ஒருமனதாகப் பச்சைப் பாகற்காய் என்றார்கள். முனியசாமி அந்தப் பாகற்காயை ரிங்குக்கு நடுவில் உட்கார்ந்து, முகம் கோணாமல், கடைசித் துண்டுவரை மென்று தின்றார். கடைசியில் ஒரு ஏப்பமும் விட்டார். அந்த ஏப்பத்துக்கு விழுந்த திட்டு அதற்கு முன்னால் எந்தக் குத்துக்கும் விழுந்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஷோவிலும் ஓட்டுதான். ஆபீசர் எவனோடு மோதணும், எந்தக் கையைக் கட்டிக்கொண்டு மோதணும், எல்லாம் ஜனங்கள் சொன்னபடி. சொன்னது அப்படியே நடக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் கூடியது. விராலிமலைப் பக்கத்திலிருந்தும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள்.

தீபாவளிக்கு முந்தின ஷோவைப் பெரிசாகச் செய்ய வேண்டும் என்று மாஸ்டரின் ஜிம்மில் உட்கார்ந்து பேசினார்கள். ரஞ்சிதா ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். ஆபீசர் இருக்கட்டுமா, டிரான்ஸ்பரா?

"டிரான்ஸ்பர்னு விழுந்தா ரெண்டு மாசம் நீங்க வர வேணாம்ணே. பொங்கலுக்கு ஆர்டர் கேன்சல்னு சொல்லிக்கிட்டு வந்துருங்க. கூட்டம் பத்திக்கிரும்" என்றாள்.

மாஸ்டருக்குப் பிடித்திருந்தது. முனியசாமிக்குத்தான் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. "டிரான்ஸ்பர்னா எவன் நம்புவான் தாயி? போன ஆளு மறுபடி வந்து அதே சீட்டுல உக்காருவான்னு ஜனத்துக்குத் தெரியாதா? டிஸ்மிஸ்னு போடு. நிரந்தரமா டிஸ்மிஸ். அப்பத்தான் வெறியோட வந்து போடுவாங்க."

"அப்படிப் போட்டா திரும்ப வர வழி வேணுமேண்ணே."

"வழியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ போடு."

ரஞ்சிதா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் முனியசாமியைப் பார்த்தார். ஆபீசர் அடம்பிடித்தால் ஜிம்மில் யார் பேச்சும் எடுபடாது. டிஸ்மிஸ் என்றே போட்டார்கள்.

தன்னை ஒழித்துக்கட்ட முனியசாமி உழைத்த உழைப்பு இருக்கிறதே, தேர்தலில் நிற்கிறவன்கூட அப்படி உழைத்திருக்க மாட்டான். சித்தன்னவாசல் போகிற ரோட்டோரம் வண்டியிலிருந்து மேஜை நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்து வீடியோ எடுத்தார். ஓவியம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் சிலர் டிக்கெட் கவுண்டர் என்று நினைத்து அவர் முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள். "நாளைக்கு வாங்க" என்று அவர்களையும் திருப்பி அனுப்பினார். "ஒங்க ஓட்டால என் நாற்காலிய அசைக்க முடியுமாடா? முடிஞ்சா டிஸ்மிஸ் பண்ணிப் பாருங்க" என்று தினம் ஒரு வீடியோ. எதிர் வீட்டு அமுதவல்லிக்கும் அவரே லிங்க் அனுப்பினார். செவந்தியிடமும் சொன்னார். "டிஸ்மிஸ்ல ஒரு அமுக்கு. மறந்துறாத." செவந்தி தலையாட்டினாள். ஷோ அன்றைக்குக் குளத்தூரில் தம்பி வீட்டுக்குப் போவதாகவும் சொன்னாள்.

அன்றைக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. திரையில் ரெண்டு பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. டிஸ்மிஸ் என்ற சிவப்புப் பட்டை திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீண்டு கிடந்தது. இருக்கட்டும் என்ற பச்சைப் பட்டை நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது. முனியசாமிக்கு உள்ளே பொங்கிப் பொங்கி வந்தது. ஒரு வில்லனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மைக்கை வாங்கினார்.

"எனக்கும் நாலு பேரு ஓட்டுப் போட்டிருக்கீங்க போல. யாருய்யா அந்த மகராசனுங்க? கையத் தூக்குங்க, மூஞ்சியப் பாத்துக்கிறேன்."

யாரும் தூக்கவில்லை. கூட்டம் சிரித்தது. பிறகு பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம், கடைசி வரிசையில், ஒரு கை மேலே எழுந்தது. ரிங் லைட் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. வளையல் போட்ட கை என்பது மட்டும் தெரிந்தது.

"அம்மா, கைய எறக்குங்க. ஒங்க மனு தள்ளுபடி" என்றார் முனியசாமி. "போன வாங்கிக் குடுத்தவங்க, எதை அமுக்கணும்னு சொல்லிக் குடுக்கலையா?"

மண்டபம் இடிந்துவிடும் போலச் சிரித்தது. அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

சேரன் அவரைத் தூக்கிப் போட்டு, நாற்காலியைப் பிடுங்கி வெளியே எறிந்தான். முனியசாமி கேரியரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் தலைகுனிந்து நடந்து போனார். ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார்கள். பெரியவர்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சத்தத்தை அவர் ஷார்ஜாவிலும் கேட்டதில்லை. மறுநாள் காலையில் செவந்தியிடம், "ஊரே சேந்து டிஸ்மிஸ் பண்ணிருச்சு" என்று பெருமையாகச் சொன்னார். மனு தள்ளுபடி வசனத்தையும் நடித்துக் காட்டினார். செவந்தி, "இட்லி ஆறுது, சாப்புடுங்க" என்றாள்.

பொங்கல் வந்தது. முனியசாமி மாஸ்டரைப் போய்ப் பார்த்தார். வேறு ஆளாக வரலாம் என்று பேசி, முகமூடி மாட்டிக்கொண்டு ஏறினார். நாலு எட்டு வைப்பதற்குள் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். "டிஸ்மிஸ், டிஸ்மிஸ்" என்று ஒரே கத்தல். கத்தல் அவருக்குப் புதிசில்லை. ஆனால் இது வேறு மாதிரிக் கத்தல். இதில் விளையாட்டு இல்லை. "அப்ப நாங்க எதுக்குய்யா ஓட்டுப் போட்டோம்?" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து கேட்டார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மாஸ்டர் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஜிம்மில் மாஸ்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஒரு ஆபீசர வேணாம்னு இந்த ஜனங்க சொல்லி அது நடந்தது வாழ்க்கையிலயே அந்த ஒரு நாளுதான். அதுவும் பொய்யின்னு ஆயிட்டா அப்புறம் எந்த ஓட்டையும் நம்ப மாட்டாங்க. நம்ம ஷோவே அந்த நம்பிக்கையிலதான் ஓடுது."

முனியசாமி முகமூடியை மடித்துப் பெஞ்சில் வைத்தார். மாஸ்டர் சொன்னது நியாயம். அதுதான் வலித்தது. டிஸ்மிஸ் என்று போடச் சொன்னது யார்? அந்தப் பெண் டிரான்ஸ்பர் என்று அழகாக எழுதி வைத்திருந்தாள். டிரான்ஸ்பரில் போனவன் திரும்பி வரலாம், எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். வண்டி ஓட்டும்போதும், லோடு இறங்கக் காத்திருக்கும்போதும் அந்த ஒரு வார்த்தையை நினைத்து மருகினார். எத்தனை தடவை மனசுக்குள்ளேயே அந்த ஜிம் பெஞ்சில் போய் உட்கார்ந்து, டிரான்ஸ்பர் என்று மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. அப்புறம் மாஸ்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம், "அடுத்த மாசம் பாப்போம்ணே" என்ற பதில்தான் வந்தது. இந்த வசனம் தனக்குத் தெரிந்த வசனம்தான் என்று முனியசாமிக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை. போவதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் பேச்சு குறைந்தது. வருவார், சாப்பிடுவார், படுப்பார். யாராவது விருந்தாளி வந்து பழைய ஷோவைப் பற்றிக் கேட்டால் மட்டும் கொஞ்சம் முகம் தெளியும். அந்த வளையல் கைக்காரியை எப்படி மடக்கினோம் என்று முழுசாக நடித்துக் காட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அந்த நேரம் செவந்திக்கு அடுப்படியில் ஏதாவது வேலை இருக்கும்.

இந்த வருடம் ரஞ்சிதாதான் மறுபடி பேச்சை எடுத்தாள். டிஸ்மிஸ் செய்த ஜனங்களே திரும்பக் கூப்பிட்டால் யாருக்கும் கெட்ட பேர் இல்லையே, இன்னொரு ஓட்டு வைத்துப் பார்ப்போம் என்றாள். மாஸ்டரும் சரி என்றார். ஆபீசர் திரும்பி வரட்டுமா, வேண்டாமா? ஒரு வாரம் ஓட்டுப் போடலாம்.

அந்த வாரம் முனியசாமி முகச்சவரம் செய்துகொண்டார். பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கக் கொடுத்தார். ஜனங்கள் வேண்டாம் என்று போட்டுத் தள்ளுவார்கள், கோபம் மிச்சமிருந்தால் அதை வைத்தே ஒரு ஆட்டம் காட்டிவிடலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டார். லோடு ஏற்றும் இடைவெளியில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

சிவப்பும் நீளவில்லை. பச்சையும் நீளவில்லை. ஓட்டுப் போடத்தான் ஆள் இல்லை. சேரனே இப்போது வில்லனாகிவிட்டான், புதிசாக வேறு பையன்கள் வந்துவிட்டார்கள், பார்க்கிற ஜனமும் புதிசு. கீழே சில பேர் எழுதியிருந்தார்கள். "யாருங்க இவரு?" என்று ஒருத்தன். "முன்னாடி இருந்தாரு போல" என்று இன்னொருத்தன் பதில் போட்டிருந்தான். ரஞ்சிதா போன் செய்து, "நம்ம பசங்க ஐடியில கொஞ்சம் போடச் சொல்லவாண்ணே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வேணாம் தாயி. அன்னிக்கு நெசமா விழுந்துச்சு. இன்னிக்கும் நெசமாவே இருக்கட்டும்" என்றார் முனியசாமி. சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதார்.

கடைசி நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, செவந்தி முறத்தில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"ஒம் போன எடு செவந்தி. லிங்க் வந்துருக்கும். வரட்டும்னு ஒரு அமுக்கு."

"நான் போடல."

"ஏன், ஒனக்கும் வேணாமா?"

"போன தடவ போட்டேன்ல. மனு தள்ளுபடின்னீங்க."

முனியசாமிக்கு முதலில் பிடிபடவில்லை. "போன தடவ டிஸ்மிஸ்னுதான போட்ட?"

"இருக்கட்டும்னு போட்டேன்."

"நீ அன்னிக்குக் குளத்தூருக்குல்ல போன?"

"ஒங்ககிட்ட அப்படிச் சொன்னேன். அமுதவல்லியக்காவோட வந்து பின்னாடி உக்காந்திருந்தேன்." செவந்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கையத் தூக்குனது நாந்தான்."

முனியசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த வசனம். இவள் முன்னாலேயே எத்தனை தடவை.

"ஒனக்குத்தான் அது புடிக்காதே" என்றார்.

"இடுப்பு ஒடியுறது புடிக்கல. ஆனா ஷார்ஜாலேர்ந்து வந்ததுக்கப்பறம் நீங்க வீட்ல பேசுனதே கெடையாது. அந்த ஷோவுக்குப் போயிட்டு வர்ற அன்னிக்குத்தான் வாய் நெறையப் பேசுவீங்க. சோத்தக் கேட்டு வாங்கித் திம்பீங்க. அது போயிறக் கூடாதுன்னு போட்டேன்."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல."

"என்னத்தச் சொல்ல? அத்தன பேரும் சிரிச்சாக. நீங்களுந்தான் சிரிச்சீங்க."

முனியசாமி வாயைத் திறந்தார். கல்யாண மண்டபம் முழுவதையும் ஒரு மைக்கால் ஆட்டிவைத்த மனிதரின் குரல், எதிரில் இருக்கிற ஒரு ஆளுக்கே எட்டாதபடி வந்தது. "தெரியாமப் பேசிட்டேன் செவந்தி" என்றார். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் மூன்று வருடம் கழித்து வந்த வார்த்தை.

மேஜைமேல் கிடந்த அவர் போன் ஒருமுறை மின்னி அணைந்தது. ஓட்டெடுப்பு முடிந்திருக்க வேண்டும். அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே வளையல்தான் போட்டிருந்தாள். பிறகு முறத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து, ஒரு கொத்தை எடுத்து அவரும் ஆய ஆரம்பித்தார். பழக்கமில்லாததால் காம்பும் சேர்ந்து விழுந்தது.

"எலைய மட்டும் உருவுங்க" என்றாள் செவந்தி.